டிரைவர் சொன்ன குறைக்குப் பதில் வருமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகளுக்குப் பஸ்ஸும் லாரியும் ஓட்டும் முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வண்டிப் பராமரிப்புக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? கேள்வி நியாயமானது. முப்பது, நாற்பது வண்டிகளைத் தாண்டிவிட்டால் நோட்டுப் புத்தகம் தாங்காது. எந்த வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றியது, எதற்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிகிறது, போன மாதம் வாங்கிய டயர் எந்த வண்டியில் ஓடுகிறது என்பதெல்லாம் ஒரே ஒரு சூப்பர்வைசரின் ஞாபகத்தில் இருக்கும். அவர் பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டால் ஷெட்டில் பாதிப் பேருக்குக் கண் கட்டியது போலாகிவிடும். ஆகவே சாஃப்ட்வேர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் எனக்குச் சண்டை.

தேர்வு எப்படி நடக்கிறது? விற்பனையாளர் லேப்டாப்போடு அலுவலகத்துக்கு வருகிறார். திரையில் பச்சை வட்டம், சிவப்பு வட்டம். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று ஒரு வரைபடம் ஏறி இறங்குகிறது. முதலாளியின் மகனுக்குப் பிடித்துவிடுகிறது. கணக்காளர் டேலியோடு இணையுமா என்று கேட்கிறார். வண்டிக்கு மாதம் இவ்வளவு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று பேரம் முடிகிறது. அந்த அறையில் மெக்கானிக்கும் இல்லை, டிரைவரும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் பச்சையாக இருக்கின்றன. வண்டிகள் நன்றாக இருக்கின்றன என்பதால் அல்ல. இரண்டாவது மாதத்துக்குப் பிறகு யாரும் எதையும் பதியவில்லை என்பதால்.

என் கட்சி எளிமையானது. இரவு ஷிஃப்ட் முடித்து வண்டியை நிறுத்தும் டிரைவர் ஒரு குறையைச் சொல்கிறார். அது யாரிடம் போனது, என்ன முடிவானது, மறுநாள் அதே வண்டியை எடுக்கும் டிரைவருக்கு அந்த முடிவு தெரியுமா? இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் சாஃப்ட்வேரில் வேறு நூறு வசதிகள் இல்லாவிட்டாலும் வாங்கலாம். இதைச் செய்யாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் முதல் காரை வெளியே விட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் அதே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், பிறகு வல்லம் வடகாலில் யமஹா, ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் ஆலைகள் என்று வரிசையாக வந்தன. ஆலைகள் வந்த வேகத்தில் ஆலைக்குப் பக்கத்தில் வீடுகள் வரவில்லை. காஞ்சிபுரம், அரக்கோணம், உத்திரமேரூர், செய்யாறு, திருவள்ளூர் என நாலா பக்கமும் இருந்து ஆட்கள் கம்பெனி பஸ்ஸில்தான் வருகிறார்கள். இரவு ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்ட பஸ் ஷெட்டுக்குத் திரும்புவதில்லை. கடைசி ஸ்டாப்பிங் இருக்கும் ஊரிலேயே, ஒரு கல்யாண மண்டபத்து வாசலிலோ பெட்ரோல் பங்கு ஓரத்திலோ படுத்துவிடுகிறது. காலையில் அங்கிருந்தே கிளம்புகிறது. டீசலும் வழியிலேயே. இப்படி ஒரு வண்டி பல நாள் மெக்கானிக் கண்ணில் படாமலே ஓடும்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பெரும்பாலான வண்டிகள் இரவு பணிமனைக்கு வந்துசேரும். ஓட்டுநர் குறையை எழுதிவைப்பார். இரவு ஷிஃப்ட் மெக்கானிக் பார்ப்பார். எழுதியதெல்லாம் சரிசெய்யப்பட்டதா என்பது வேறு விஷயம். ஆனால் எழுத ஓர் இடமும் பார்க்க ஓர் ஆளும் உண்டு. கம்பெனி பஸ்ஸில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது வாட்ஸ்அப் குரூப். “அண்ணே, பிரேக் புடிச்சா வண்டி லெஃப்ட்ல இழுக்குது. பின்னாடி டிரம் சூடாவுது, வாசனை வருது.” பதினைந்து வினாடிக் குரல் பதிவு. கீழே சூப்பர்வைசரின் கட்டைவிரல். அதற்குக் கீழே யாரோ அனுப்பிய காலை வணக்கம், ஒரு பிறந்தநாள் கேக், ஆலையிலிருந்து வந்த ரூட் மாற்றம். மாலைக்குள் அந்தப் பிரேக் திரையின் மேலே எங்கோ போய்விட்டது.

இந்தக் குரல் பதிவை நான் குறைசொல்ல மாட்டேன். அதில் ஒரு நல்ல மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது: எந்தப் பக்கம், எப்போது, சூடு, வாசனை. ஸ்லாக் அட்ஜஸ்டர் திரும்பி வரவில்லையா, பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டதா, ஹப் பேரிங் போகிறதா என்று யோசிக்கத் தொடங்கிவிடலாம். இதே டிரைவரிடம் ஓர் ஆப்பைக் கொடுத்து, நாற்பது கட்டங்கள் கொண்ட படிவத்தில் ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்பதைத் தேடி டிக் அடிக்கச் சொன்னால், மூன்றாம் நாள் அவர் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று அடித்துவிட்டுத் தூங்கப் போவார். எட்டு மணி நேரத்துக்குள் அவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அமெரிக்கா கற்ற பாடம்

அந்த நாற்பது கட்டப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் லாரி, பஸ் டிரைவர்கள் நாள் முடிவில் வண்டியின் நிலையை எழுதித் தர வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. எழுதியதோடு முடிவதில்லை. பாதுகாப்பைப் பாதிக்கும் குறை என்றால், சரிசெய்தோம் அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்று நிறுவனம் சான்று எழுத வேண்டும். அடுத்து அந்த வண்டியை எடுக்கும் டிரைவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உலகச் சந்தையில் விற்கும் பல பராமரிப்பு சாஃப்ட்வேர்கள் இந்தக் காகிதத்தைத் திரையில் ஏற்றியவைதான். அவற்றின் நகல்கள்தான் நம்மூர் ஆப்களிலும் இருக்கின்றன.

அங்கேயே என்ன ஆயிற்று பாருங்கள். குறை இல்லாத நாளிலும் ‘குறை இல்லை’ என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்று முன்பு இருந்தது. மலைமலையாகக் காகிதம் சேர்ந்தது. அதில் மிகப் பெரும்பகுதி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் காகிதம். 2014-இல் சரக்கு லாரிகளுக்கும், 2020-இல் பயணிகள் பஸ்களுக்கும் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். குறை இருந்தால் எழுது, இல்லையென்றால் வேண்டாம். ஆனால் சரிசெய்த சான்றும் அடுத்த டிரைவர் கையெழுத்தும் அப்படியே நின்றன. பிரிட்டனில் டிரைவர் எழுதிய குறையையும் அதற்குச் செய்த வேலையையும் சேர்த்து 15 மாதம் பத்திரப்படுத்த வேண்டும். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பவற்றில் அது ஒன்று.

நாம் செய்த வேடிக்கை, அமெரிக்கா கழற்றி எறிந்த பகுதியை எடுத்துக்கொண்டு அது வைத்துக்கொண்ட பகுதியை விட்டுவிட்டதுதான். டெமோவில் காட்டப்படும் ஆப்களில் டிக் கட்டங்கள் தாராளமாக இருக்கின்றன. குறையைச் சொன்ன டிரைவரின் போனுக்குப் பதில் போகுமா என்று கேட்டால் விற்பனையாளர் கொஞ்சம் யோசிக்கிறார். ‘அட்மினுக்கு நோட்டிஃபிகேஷன் போகும் சார்’ என்கிறார். அட்மின் வண்டி ஓட்டுவதில்லை.

நம் விதிகள் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. எஃப்.சி. என்பது புதிய போக்குவரத்து வண்டிக்கு இரண்டு ஆண்டு. பிறகு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். எஃப்.சி.க்குப் போகும் வாரத்தில் பெயின்ட் அடித்து, லைட் மாட்டி, பிரேக் பார்த்து வண்டியைக் கல்யாணப் பெண் போல ஆக்கிவிடுவார்கள். மற்ற வாரங்களெல்லாம் டிரைவரின் காதையும் காலையும் நம்பித்தான் ஓடுகின்றன.

மீட்டர் மட்டும் போதாது

இன்னொரு இடத்திலும் இந்த வட்டாரத்து வண்டிகள் சாஃப்ட்வேரை ஏமாற்றுகின்றன. பெரும்பாலானவை கிலோமீட்டரை வைத்து சர்வீஸ் நாளைச் சொல்கின்றன. நாமக்கல்லிலிருந்து வட இந்தியாவுக்குப் போய்வரும் லாரிக்கு அது பொருந்தும். கம்பெனி பஸ்ஸுக்குப் பொருந்தாது. ஒரு ஷிஃப்டுக்கு ஆள் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அடுத்த ஷிஃப்ட் ஆட்களை ஏற்றும் வரை நிற்கும். சித்திரை வெயிலில் ஏ.சி. பஸ் என்றால் இன்ஜினை அணைக்க டிரைவருக்கு மனம் வராது. மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது. இன்ஜின் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். ஆயில் கெடுவது மீட்டரைப் பார்த்து அல்ல.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இது இன்னும் கூடுதல் வில்லங்கம். சைலன்சரில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, ஷெட்டில் டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டுமானால் அதற்குள் ஐந்நூறு, அறுநூறு டிகிரி சூடு ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடினால் ஏறும். ஒரகடம் சந்திப்பில் ஊர்ந்து, ஆலை வாசலில் நின்று, மறுபடி ஊர்ந்தால் எப்படி ஏறும்? கரி சேர்கிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் எரிய விட வேண்டும். ஷிஃப்ட் நேரம் ஆகிவிட்டதே என்று டிரைவர் ஓட்டிக்கொண்டே போகிறார். சில நாளில் இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலும், கலப்படக் கரைசலை ஊற்றினாலும் இதே கதிதான். ‘வண்டி இழுக்கலை’ என்று டிரைவர் சொன்னால், பழைய மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றுகிறார். அந்த மஞ்சள் விளக்கு என்றைக்கு முதலில் எரிந்தது என்ற ஒரு வரி பதிவாகியிருந்தால் அரை நாள் மிச்சம்.

ஆகவே கேட்க வேண்டியது: கிலோமீட்டர், இன்ஜின் ஓடிய மணி, நாட்கள் என்ற மூன்றில் எது முதலில் வருகிறதோ அதை வைத்து சர்வீஸ் நாளைக் குறிக்க முடியுமா? ஆலைக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்டுக்கும் இதே கேள்விதான். அங்கே மணிதான் எல்லாம்.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார் ஏற்றும் டிரெய்லரும் அதை இழுக்கும் குதிரையும் தனித்தனி வண்டிகள். பதிவு எண்ணும் தனி. குதிரை இன்று ஒரு டிரெய்லரை இழுக்கும், நாளை வேறொன்றை. டிரெய்லருக்கு மீட்டர் கிடையாது. அதன் ஆக்சிலும் பிரேக்கும் ஸ்பிரிங் பட்டைகளும் எத்தனை கிலோமீட்டர் ஓடின என்று தெரிய வேண்டுமானால், எந்தத் தேதியில் எந்தக் குதிரை இழுத்தது என்பது பதிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியாக எழுதிக்கொள்ளும் சாஃப்ட்வேர்கள் விற்பனையில் இருக்கின்றன. பெயர் சொல்ல விரும்பவில்லை. டெமோவில் ஒரு டிரெய்லரைக் கழற்றி இன்னொரு குதிரையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். டயரும் அப்படியே. டீசலுக்கு அடுத்த பெரிய ஓட்டச் செலவு அது. ஒரு டயர் முன்னே ஓடி, பின்னே போய், ரீட்ரெட் ஆகி, வேறு வண்டிக்கு மாறும். அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்தொடராத கணக்கு கணக்கே இல்லை.

இங்கே சாலையையும் சொல்லியாக வேண்டும். மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலை கிடந்த கிடப்பைப் பார்த்துச் சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கலாம். அந்தச் சாலையில் ஓடும் வண்டிக்கு உற்பத்தியாளர் புத்தகத்தில் போட்ட இடைவெளியை அப்படியே வைத்தால் சென்டர் போல்ட்டும் ஸ்பிரிங் பட்டையும் காத்திருக்காது. ரூட்டுக்கு ஏற்ப இடைவெளியை மாற்ற முடிய வேண்டும். மாற்றும் அதிகாரம் ஷெட் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் உதவி மையத்துக்கு மெயில் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

‘எங்களிடம்தான் ஜி.பி.எஸ். இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். 2019 முதல் புதிய பயணிகள் வண்டிகளில் கட்டாயமான அந்தப் பெட்டி வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும். ஏன் நிற்கிறது என்று சொல்லாது. வண்டி உற்பத்தியாளர்கள் தரும் இணைய சேவைகள் ஒரு படி மேல். டாடாவின் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட், பாரத்பென்ஸின் டிரக்கனெக்ட், ஐஷரின் மை ஐஷர் ஆகியவை இன்ஜின் தரும் பிழைக் குறியீட்டையே கொண்டுவந்து காட்டும். ஆனால் ஒவ்வொன்றும் முதன்மையாகத் தன் வீட்டு வண்டிக்கானது. மூன்று கம்பெனி வண்டி வைத்திருப்பவர் மூன்று கடவுச்சொல்லோடு திரிகிறார். டிரைவர் சொன்ன ‘இழுக்கலை’ ஓரிடத்தில், இன்ஜின் சொன்ன குறியீடு வேறிடத்தில். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்ட முடியுமானால் அந்த சாஃப்ட்வேருக்குக் கூடக் கொஞ்சம் காசு கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து போன மாதம் வந்த குறைகளில் ஐந்தை எடுங்கள். விற்பனையாளரை அலுவலகத்துக்கு அழைக்காமல் ஷெட்டுக்கு அழையுங்கள். அந்த ஐந்தையும் உங்கள் டிரைவரே தன் போனில், தன் குரலில் பதியட்டும். மெக்கானிக் கிரீஸ் கையோடு திறந்து பார்க்கட்டும். வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலையையும், சென்னை ஜி.பி. ரோட்டில் கைக்காசு போட்டு வாங்கிய பெல்ட்டின் துண்டு ரசீதையும் சேர்க்கட்டும். கடைசியில் குறை சொன்னவருக்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். இதற்கு ஒரு காலை நேரம் போதும். ஐந்தில் மூன்று தேறவில்லையென்றால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

பிறகு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்கள். மூன்று ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். இந்த வட்டாரத்தில் மூன்று ஆண்டு நீண்ட காலம். நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்தது, 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு 2022-இல் நின்றது. ஓர் ஆலை மூடினால் அதை நம்பிய பஸ்களும் ஒரே நாளில் நிற்கும். சாஃப்ட்வேர் கட்டணம் நிற்குமா? வண்டி எண்ணிக்கை குறைந்தால் கட்டணமும் மாதாமாதம் குறைய வேண்டும். விலகும்போது எல்லா வண்டியின் எல்லா வரலாறும், குரல் பதிவும் படமும் உட்பட, நம் கைக்கு எக்செல் கோப்பாக வர வேண்டும். வண்டியை விற்கும்போது அந்த வரலாற்றுக்கு விலை உண்டு.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தோற்ற ஷெட்கள் உண்டு. காரணம் சாஃப்ட்வேரில் இல்லை. வண்டி வழியில் நின்றால் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கிளட்ச் போனால் ‘நீ ஓட்டின லட்சணம்’ என்று பேச்சு. அப்படிப்பட்ட இடத்தில் குறையைப் பதிவது தனக்கு எதிராகத் தானே சாட்சி எழுதுவது. எந்த டிரைவர் எழுதுவார்? வண்டி ஓடும் வரை ஓட்டிவிட்டு, அடுத்தவர் கையில் நிற்கட்டும் என்றுதான் பார்ப்பார். பிடித்தத்தை நிறுத்தாமல் ஆப் வாங்குவது வீண் செலவு.

முதலாளிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ‘விட்டால் டூட்டி தட்டிக்கழிக்கத் தினம் ஒரு குறை சொல்வான் சார்.’ சிலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பொய்க் குறை பதிவில் ஏறினால் வெளிப்பட்டுவிடும். ஒரே டிரைவர், வேறு வேறு வண்டி, மெக்கானிக் பார்த்தால் ஒன்றுமில்லை என்று நாலு முறை வந்தால் போதுமே. எழுத்தில் வராத குறைதான் கண்டுபிடிக்க முடியாதது.

கடைசியாக, ஆலைகளுக்கு. பஸ் ஒப்பந்தம் போடும்போது நீங்கள் கேட்கும் காகிதங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்: வண்டியின் வயது, எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், ஜி.பி.எஸ்., டிரைவரின் லைசென்ஸ். தாமதமாக வந்தால் அபராதம் எவ்வளவு என்பதும் தெளிவாக இருக்கும். சொல்லப்பட்டும் சரிசெய்யப்படாத குறைகளின் பட்டியலை மட்டும் கேட்பதில்லை. அபராதத்துக்குப் பயந்து, பிரேக் இழுக்கும் வண்டியை அப்படியே அனுப்பும் சூப்பர்வைசரை உருவாக்குவதில் இந்த ஒப்பந்தத்துக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் ஆலைக்குள் ஓர் இயந்திரத்தின் குறை இத்தனை மணி நேரத்துக்குள் மூடப்பட வேண்டும் என்று பலகை வைத்துக் கணக்குப் பார்க்கிறீர்கள். அதே இயந்திரத்தை இயக்கும் ஆளைக் கொண்டுவரும் பஸ்ஸுக்கும் அந்தக் கணக்கை மாதம் ஒருமுறை கேளுங்கள்: பிரேக், ஸ்டியரிங், டயர் சம்பந்தமாக வந்த குறைகள் எத்தனை, எவ்வளவு நேரத்தில் முடிந்தன, இன்னும் எத்தனை பாக்கி. குறை அதிகம் காட்டும் ஆப்பரேட்டரைத் தண்டிக்காதீர்கள். மாதம் முழுக்க ஒரு குறையும் இல்லை என்று காட்டுகிறவரின் ஷெட்டுக்கு முதலில் ஆள் அனுப்புங்கள்.

(கட்டுரையாளர், வாகனப் பராமரிப்புத் துறைப் பொறியாளர்)